அடுத்த மூன்று நாள்: நாடு முழுக்கக் குளிர்கால வானிலை, நம் ராமநாதபுரம் கரையில் வாடைக் காற்று நிலவரம்

சேதுக்கரையான் | புதன், மாலை 6.40

பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். ஊருக்கு வருகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கதிர் அறுக்கக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் வானிலை கேட்டு எனக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புகிறார்கள். அதனால் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளுக்கும் நாடு முழுக்க நிலைமை என்ன என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இன்றைய அறிக்கையையும் சென்னை மண்டல மையத்தின் அறிக்கையையும் வைத்து எழுதுகிறேன்.

நம் ஆட்கள் பலர் வடக்குப் பகுதியைத் தாண்டிவிட்டு நேராகத் தமிழ்நாட்டுப் பத்திக்கு வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நம் கடலில் வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடைக்கும் பஞ்சாபில் விழுகிற குளிருக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

காஷ்மீர் மேல் இப்போது ஒரு மேற்கத்திய இடையூறு நிற்கிறது. மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் பிறந்து, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேல்காற்றோடு கிழக்கே வருகிற தாழ்வு இது. நாளை காலை வரை ஜம்மு காஷ்மீர், லடாக், இமாசலம், உத்தரகண்ட் மலைகளில் பனிப்பொழிவு. பஞ்சாப், ஹரியானா சமவெளியில் லேசான மழை. அங்கே கோதுமை நிற்கிற காலம், இந்த மழை அவர்களுக்கு வரம். நாளைக்குப் பிறகு இடையூறு கிழக்கே நகர்ந்துவிடும். அதன் பின்னாலேயே வடமேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கும். இரவு வெப்பநிலை 2 முதல் 4 டிகிரி குறையும் என்று போட்டிருக்கிறார்கள். பஞ்சாபிலிருந்து டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார் வரை காலையில் அடர்ந்த மூடுபனி. நடு இந்தியாவும் மேற்கு இந்தியாவும் வறண்டு கிடக்கும். அருணாசலத்தில் ஓரிரு இடங்களில் மழையோ பனியோ இருக்கலாம்.

இப்போது நமக்கு. இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு மேலடுக்குச் சுழற்சி. வெள்ளிக்கிழமை தென்மாவட்டக் கரையோரம் ஒரு சில இடங்களில் மிதமான மழை, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலியில் ஓரிரு இடங்களில் கனமழை. வெள்ளி, சனி இரண்டு நாளும் மன்னார் வளைகுடா, குமரிக்கடல், பாக் நீரிணை ஆகிய இடங்களில் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 60 கிலோமீட்டரிலும் காற்று வீசும், மீனவர்கள் போக வேண்டாம் என்று எச்சரிக்கை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது. அது வடக்கே படியப் படிய அங்கே காற்றழுத்தம் ஏறும். இங்கே இலங்கைப் பக்கம் அழுத்தம் இறங்கி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கூடினால் வங்கக் கடலில் வாடை இறுகும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் காற்று வரும். இந்த மூன்று நாளில் நமக்கு முக்கியம் காற்றுதான். மழை அதற்கு அடுத்தது.


கீழக்கரை கடைத்தெரு | புதன், இரவு 7.55

அண்ணே, தெளிவாக இருக்கிறது. என் தங்கச்சி மகன் டெல்லியில் படிக்கிறான். வெள்ளிக்கிழமை காலை 7 மணி விமானத்தில் மதுரைக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். மழை இல்லை, புயல் இல்லை, பனிமூட்டம் மட்டும்தானே, வந்துவிடுவானா? இன்னொன்று, வீட்டுக்கு எதிரே இருக்கிற பெரியவர்கள் நாலு பேர் காசிக்குப் போய்விட்டு ரயிலில் திரும்புகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.


சேதுக்கரையான் | புதன், இரவு 8.30

காக்கா, காலை 7 மணி விமானத்தை முடிந்தால் மதியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இடையூறு நகர்ந்த மறுநாள்தான் மூடுபனிக்கு எல்லாம் கூடி வரும். பெய்த மழையில் மண் ஈரமாக இருக்கும். வானம் தெளிந்துவிடும். காற்று நின்றுவிடும். இரவு முழுக்கத் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும், அதை ஒட்டிய ஈரக்காற்று மூடுபனியாக மாறும். விடிகாலை 4 மணியிலிருந்து காலை 9, 10 மணி வரை மோசமான நேரம். பார்வை தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர்ந்த மூடுபனி என்று கணக்கு. டெல்லி விமான நிலையத்தில் 50 மீட்டர் பார்வையிலும் இறங்குவதற்கான கருவி வசதி உண்டு. ஆனால் அந்த விமானத்திலும் அந்த வசதி இருக்க வேண்டும், விமானிக்கும் அதற்கான பயிற்சி இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துவராவிட்டால் விமானம் வேறு ஊருக்குப் போகும். முதல் விமானம் தாமதமானால் அன்று நாள் முழுக்க அதே விமானம் போகிற ஊர் எல்லாமே தாமதம்தான்.

பெரியவர்களுக்கு: வாரணாசி, பிரயாக்ராஜ் பகுதிதான் மூடுபனியின் நடுமையம். ரயில் ஊர்ந்துதான் வரும். கையில் மருந்து, கம்பளி, ஒருநாள் கூடுதல் சாப்பாட்டுக்குப் பணம் இருக்கட்டும். ராமேஸ்வரத்திலிருந்து வடக்கே போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கிருந்து வருகிற இணை ரயில் தாமதமானால் இங்கிருந்து புறப்படுவதும் தாமதமாகும். இங்கே வெயில் அடிக்கிறதே, ரயில் ஏன் கிளம்பவில்லை என்று ஸ்டேஷனில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ரயிலின் பெட்டிகள் உத்தரப் பிரதேசத்து மூடுபனியில் நின்று வந்தவை.


பட்டாளத்து வீடு | புதன், இரவு 9.05

என் வீட்டுக்காரர் காஷ்மீரில் பணியில் இருக்கிறார். எந்த இடம் என்று இங்கே எழுதக் கூடாது. நேற்றிலிருந்து போன் வரவில்லை. பனி விழுந்தால் டவர் போய்விடும் என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார், ஆனாலும் மனசு கேட்கவில்லை. எத்தனை நாள் இப்படி இருக்கும் அண்ணா? பொங்கலுக்கு லீவு கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை ஜம்முவுக்கு இறங்க வேண்டும் என்றார்.


சேதுக்கரையான் | புதன், இரவு 9.25

தங்கச்சி, அறிக்கைப்படி நாளை மதியத்துக்கு மேல் பனிப்பொழிவு குறைய வேண்டும். டிசம்பர் 21-இல் தொடங்கி 40 நாள் அங்கே கடும் குளிர்காலம், சில்லாய் கலான் என்பார்கள். இந்த 40 நாளில் பனி விழுவது அவர்களுக்கு எதிர்பார்த்ததுதான். ராணுவம் அதற்குத் தயாராகவே இருக்கும். பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையம் தனியாகக் கொடுக்கிறது, படைப்பிரிவுகள் அதைப் பார்த்துத்தான் ஆட்களை நகர்த்தும்.

வெள்ளிக்கிழமை வானம் தெளிந்தாலும் சாலை உடனே திறக்கும் என்று எண்ண வேண்டாம். ஸ்ரீநகர் – ஜம்மு சாலையில் பனிஹால், ராம்பன் பக்கம் பனியும் மண்சரிவும் அகற்றிய பிறகுதான் வண்டி விடுவார்கள். சனிக்கிழமை இறங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் வந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள்.


நாட்டுப்படகு தங்கச்சிமடம் | புதன், இரவு 10.10

வாத்தியாரே, நீங்கள் எழுதுவதை மதித்துத்தான் படிக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ‘மன்னார் வளைகுடா’ என்று ஒரே சொல்லில் எச்சரிக்கை போட்டுவிடுகிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து கன்னியாகுமரி வரை அது எவ்வளவு பெரிய கடல்? குமரிப் பக்கம் காற்று அடித்தால் எங்களையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறார்கள். விசைப்படகுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தருவது நிற்கும், நாங்களும் கரையில் நிற்போம். போன மாதம் எச்சரிக்கை போட்ட நாளில் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் குளம் மாதிரி கிடந்தது. கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருநாள் போகாவிட்டால் எனக்கு மட்டும் நஷ்டம் இல்லை, படகில் வருகிற நாலு வீட்டிலும் அடுப்பு எரியாது. பொங்கல் வாரம் வேறு.

வாடை காலத்தில் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் மோசம், தென்கடல் சாந்தம் என்று எங்கள் அப்பா காலத்திலிருந்து பார்த்துத்தான் தொழில் செய்கிறோம். ஆண்கடல், பெண்கடல் என்று நாங்கள் பிரித்துச் சொல்கிற இந்த இரண்டு கடலின் குணம் தெரியாதவர்கள் சென்னையில் உட்கார்ந்து எழுதினால் எப்படி?


மூக்கையூர் தம்பி | புதன், இரவு 10.25

மாமா சொல்வது சரிதான். என் போனில் இருக்கிற ஆப்பில் வெள்ளிக்கிழமை மூக்கையூருக்கு 22 கிலோமீட்டர் காற்று என்றுதான் காட்டுகிறது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றவில்லை. அப்புறம் எதற்குப் போக வேண்டாம் என்கிறார்கள்?


சேதுக்கரையான் | புதன், இரவு 11.30

அண்ணே, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

வாடையில் வடகடல் மோசம், தென்கடல் சாந்தம் என்பது முழுக்க உண்மை. பாக் நீரிணை ஆழம் குறைந்தது, பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. வடகிழக்கிலிருந்து வருகிற காற்றுக்கு அது வாய் திறந்து கிடக்கிறது. ஆழமில்லாத கடலில் அலை நீண்டு வராது, நெருக்கி நெருக்கிச் செங்குத்தாக வரும். சிறு படகு ஒரு அலையில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது முகத்தில் அடிக்கும். தென்கடல் கரைக்கு ராமேஸ்வரம் தீவும் மண்டபம் நிலமும் மறைப்பாக நிற்கின்றன. அதனால் கரையில் நின்று பார்த்தால் சாந்தமாகத்தான் தெரியும்.

ஆனால் அந்த மறைப்பு கரையை ஒட்டித்தான். வெளியே போனால் கதை வேறு. ஒரு பக்கம் இலங்கையின் நிலமும் மலையும், இன்னொரு பக்கம் நம் நிலம். நடுவில் பாக் நீரிணை வழியாக நுழைகிற வாடை ஒரு புனலுக்குள் போவதுபோல் நெருக்குண்டு, மன்னார் வளைகுடாவின் நடுவே வேகம் பிடித்துக் குமரி வரை ஓடும். குளிர்கால வாடை வலுக்கிறபோதெல்லாம் செயற்கைக்கோள் காற்றுப் படங்களில் இந்தப் பட்டை தனியாகத் தெரியும். கரையில் குளமாகக் கிடக்கிற அதே நேரத்தில், வெளியே படகைத் திருப்ப முடியாத காற்று இருக்கும். எச்சரிக்கை அந்த நடுக்கடலுக்கானது.

தம்பி, உன் ஆப் காட்டுகிற 22 கிலோமீட்டர் மூக்கையூர் ஊருக்கு, அதுவும் சராசரிக் காற்று. படகைக் கவிழ்ப்பது சராசரி அல்ல, இடையிடையே வருகிற வீச்சு. காற்றின் வேகம் 40-இலிருந்து 60 ஆனால் படகின் மேல் அது தள்ளுகிற விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டே கால் மடங்கு ஆகிறது. பாம்பன் கூண்டு பெரும்பாலும் தாழ்வு மண்டலம், புயல் உருவாகும்போது ஏறுவது. வெறும் வாடை இறுக்கத்துக்குக் கூண்டு ஏறாமலே மீனவர் எச்சரிக்கை வரலாம். கூண்டைப் பார்த்து முடிவு செய்யாதே.

ஏன் இவ்வளவு முன்கூட்டியே, இவ்வளவு அகலமாக எச்சரிக்கை போடுகிறார்கள் என்றால், 2017 ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம், 30 காலை குமரிக்கடலில் புயல். ஒரே நாள். ஆழ்கடலில் தங்கி மீன் பிடித்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனை வீட்டில் இன்னும் உடல்கூடக் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் வீணானாலும் பரவாயில்லை, ஓர் உயிர் போகக் கூடாது என்றுதான் எச்சரிக்கை எழுதப்படுகிறது. அதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் நஷ்டமும் நஷ்டம்தான். கடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, கரையை ஒட்டி இத்தனை கிலோமீட்டருக்குள் போகலாம், அதற்கு வெளியே வேண்டாம் என்று சொல்லும் எச்சரிக்கை நமக்கு வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலோர வாரியாக அலை உயரம், காற்று, நீரோட்டம் எல்லாம் தருகிறது. டோக்கன் தருகிற இடத்தில் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் கேட்க வேண்டும். நியாயமான கோரிக்கை அது.

இந்த வெள்ளி, சனி மட்டும் போகாதீர்கள் அண்ணே. இந்தத் தடவை வடக்கே குளிர், தெற்கே சுழற்சி இரண்டும் ஒரே நேரத்தில் கூடுகின்றன.


நாட்டுப்படகு தங்கச்சிமடம் | வியாழன், காலை 5.50

படித்தேன். கரையோரம், நடுக்கடல் பிரித்துச் சொன்னது மனசுக்குப் பட்டது. இன்று காலை வாடை லேசாகத்தான் இருக்கிறது, வானம் வெளுத்திருக்கிறது. நாளைக்கு நான் போகவில்லை. பையன்களிடமும் சொல்லிவிட்டேன்.

படகு கட்டியிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வடகடல் பக்கம் நங்கூரம் போட்டிருந்தால் இன்றைக்கே கயிற்றைப் பாருங்கள். இரட்டை நங்கூரம் போடுங்கள், படகுக்குப் படகு இடைவெளி விடுங்கள். வாடையில் கடலில் போவதைவிட, நிறுத்தி வைத்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைவதுதான் அதிகம். முடிந்தவர்கள் பாம்பன் வழியாகத் தென்கடல் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள். பைபர் படகைக் கரையிலேற்றிவிடுவது நல்லது. இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.


சின்னப்பாலம் | வியாழன், காலை 8.15

நாங்கள் கடல்பாசி எடுக்கிற பெண்கள். படகுக்காரர்களுக்கு டோக்கன் நிற்கிறது, செய்தி வருகிறது. எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை எடுக்கத் தீவுப் பக்கம் போகிறோம், தண்ணீருக்குள் மூழ்கித்தான் எடுக்க வேண்டும். காற்று வந்தால் தண்ணீர் கலங்கிவிடும், அடியில் ஒன்றும் தெரியாது, பாறையில் அடிபடும். முனைக்காட்டில் என் அக்கா மிதவை கட்டிப் பாசி வளர்க்கிறாள். 45 நாள் காத்திருந்து எடுக்கிற பாசி. ஒரு வாடைக்கு மூங்கில் உடைந்து கரையில் ஒதுங்கினால் அத்தனையும் போச்சு. இப்போது 30 நாள் ஆன பாசி நிற்கிறது. எடுத்துவிடலாமா, விடலாமா அண்ணே?


சேதுக்கரையான் | வியாழன், காலை 9.00

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் இதை யோசிப்பார்கள். மீனவர் எச்சரிக்கை என்றால் படகு ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இல்லை, தண்ணீரில் இறங்குகிற எல்லோருக்கும்தான். வெள்ளி, சனி தீவுப் பக்கம் போகாதீர்கள். முனைக்காடு வடகடல் என்பதால் காற்று நேராக அடிக்கும். 30 நாள் பாசியை எடுத்தால் எடை குறையும்தான். முழுவதும் எடுக்காமல், வெளி வரிசையில் நிற்கிற மிதவைகளைக் கரைப் பக்கம் இழுத்துக் கட்டவும், கட்டு தளர்ந்த மூங்கிலை இன்றே மாற்றவும் சொல்லுங்கள். இழுக்க முடியாதவற்றில் மட்டும் எடுத்துவிடலாம். இன்று சாயங்காலம் வரை அவகாசம் இருக்கிறது.


குண்டுமிளகாய் | வியாழன், காலை 11.20

ஆர்.எஸ்.மங்கலம் பக்கமிருந்து எழுதுகிறேன். கடல்காரர்கள் கேள்வி முடிந்ததா? எங்கள் கேள்வி மழை. புழுதியில் விதைத்த நெல், தப்பித்து வந்து இப்போது கதிர் முற்றி நிற்கிறது. அறுவடை வண்டிக்கு வெள்ளிக்கிழமை முறை கிடைத்திருக்கிறது, விட்டால் பொங்கல் கழித்துத்தான். பக்கத்துக் கொல்லையில் மிளகாய் பூவெடுக்கிற பருவம். இந்த நேரத்தில் மழை பெய்தால் பூ கொட்டும், அழுகல் வரும். நம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது, ஆனால் மழைக்கு அது தெரியுமா? 2021 ஜனவரி ஞாபகம் இருக்கிறதுதானே. அறுக்க நின்ற நெல் தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டதைப் பார்த்து அழுதவர்கள் நாங்கள்.

‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்றால் எங்கள் வயலில் பெய்யுமா, பெய்யாதா? நேராகச் சொல்லுங்கள்.


சேதுக்கரையான் | வியாழன், மதியம் 1.10

2021-ஐ எப்படி மறப்பது? அந்தத் தடவை வடகிழக்குப் பருவமழை ஜனவரி 19-இல்தான் விலகியது. டெல்டாவும் நம் மாவட்டமும் ஒன்றாக அழுதன.

நேராகவே சொல்கிறேன். ஓரிரு இடம் என்று போட்டால், அந்தப் பகுதியில் இருக்கிற மழைமானிகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் பதிவாகாது என்று கணக்கு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டரிலிருந்து 11.5 வரை. ஆக, மாவட்டத்தில் எங்கோ அடித்துப் பெய்யும், பெரும்பாலான இடங்களில் லேசாகவோ மிதமாகவோ போகும். எந்த ஊர் என்று இரண்டு நாள் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

ஏன் முடியாது என்றால், நம் மழை அவ்வளவு குறுகலானது. 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டரைத் தாண்டியது, தங்கச்சிமடம், பாம்பன் எல்லாம் மூழ்கின. ராமநாதபுரம் நகரில் பெய்தது அதில் சிறு பங்குதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நாட்டின் புதிய பாரத் முன்கணிப்பு முறை 2025 மே மாதம் வந்தது, அது 6 கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாகக் கணக்கிடுகிறது. முன்பு 12 கிலோமீட்டர். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ராமேஸ்வரம் தீவின் குறுக்கே அப்படி ஒரு கட்டம் வைத்தால் தீவின் அகலம் கிட்டத்தட்ட முழுவதும் அதில் அடங்கிவிடும்.

ரேடார் பார்த்துச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நமக்கு அருகில் இருப்பது காரைக்கால் ரேடார், ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பூமி வளைந்திருக்கிறது, ரேடார் கதிர் நேராகப் போகிறது. நம் தலைக்கு மேல் வரும்போது அது மூன்று கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். குளிர்காலத்தில் வாடையோடு வருகிற மேகங்களில் பல தாழ்வானவை, அதன் கண்ணில் படாமலே பெய்துவிட்டுப் போகும். ராமநாதபுரத்தில் ரேடார் அமைக்கப்படும் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. இந்தக் கரைக்கு அது எவ்வளவு அவசியம் என்று ஒவ்வொரு மழையிலும் தெரிகிறது.

இப்போது உங்கள் வயல். அறிக்கையில் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளி காலை 8.30 முதல் சனி காலை 8.30 வரை. ஜனவரி மழை நம் கரையில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடிகாலையிலும் கடலிலிருந்து ஏறி வரும். உங்களுக்கு நான் சொல்வது, வண்டிக்காரரிடம் பேசி இன்று மாலையே இறக்கப் பாருங்கள். இல்லாவிட்டால் வெள்ளி முற்பகல் பனி ஈரம் காய்ந்ததும் அறுத்து, சாயங்காலத்துக்குள் நெல்லைத் தார்ப்பாய்க்குள் கொண்டுவந்துவிடுங்கள். களத்தில் விட்டு வைக்க வேண்டாம். மிளகாய்க்கு இன்று மருந்து அடிக்காதீர்கள், கழுவிக்கொண்டு போய்விடும். வாய்க்காலை வெட்டி வடிகால் மட்டும் பாருங்கள். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வருகிற வேளாண் வானிலை அறிக்கையையும் பாருங்கள், அது பயிருக்கென்றே எழுதப்படுவது.


வாலிநோக்கம் உப்பு | வியாழன், மதியம் 2.00

எங்களுக்கும் இதே கதைதான். பாத்தி மிதித்துச் சமன் பண்ணி, தண்ணீர் ஏற்றி வைத்திருக்கிறோம். ஒரு மழை விழுந்தால் உப்புத்தண்ணீர் நீர்த்துவிடும், திரும்ப முதலிலிருந்து. பத்து நாளுக்கு மழை இல்லை என்று உறுதியாகச் சொன்னால் வேலையாட்களைக் கூப்பிடுவேன்.


சேதுக்கரையான் | வியாழன், மதியம் 2.20

பத்து நாளுக்கு உறுதி யாராலும் தர முடியாது ஐயா. மூன்று நாள் வரை ஊரளவில் ஓரளவு நம்பலாம், ஒரு வாரம் வரை போக்கு தெரியும், அதற்கு மேல் வாரக்கணக்கில் மழை சராசரிக்குக் கூடுமா குறையுமா என்று மட்டும்தான். 2020 டிசம்பர் புரெவி புயலை எடுத்துக்கொள்ளுங்கள். திரிகோணமலையில் கரையேறி மன்னார் வளைகுடாவுக்கு வந்தது, பாம்பனுக்கும் குமரிக்கும் இடையே கடக்கும் என்று நாம் எல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். அது நம் கரையை ஒட்டியே அசையாமல் நின்று வலுவிழந்தது. பெருமழையோ கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் கொட்டியது. கண் முன்னால் நிற்கிற புயலிலேயே இப்படி. சனிக்கிழமைக்குப் பிறகு வறண்ட வாடை வருகிற போக்கு தெரிகிறது, திங்கள் காலை பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.


பட்டாளத்து வீடு | வெள்ளி, காலை 10.40

போன் வந்துவிட்டது அண்ணா. நன்றாக இருக்கிறார். பனி நின்றுவிட்டதாம், நேற்று ராத்திரி குளிர் தாங்கவில்லை என்றார். சாலை இன்னும் திறக்கவில்லை.


நாட்டுப்படகு தங்கச்சிமடம் | வெள்ளி, மதியம் 12.30

காற்று வந்துவிட்டது. காலை 9 மணிக்கு மேல் இறுகியது. வடகடல் வெள்ளையாகக் கிடக்கிறது. இரண்டு படகு கயிறு அறுந்து கரையில் தட்டியது, ஆளுக்குச் சேதம் இல்லை. தென்கடல் கரையோரம் இப்போதும் சாந்தம்தான். ஆனால் வெளியே பார்த்தால் கடல் கறுத்து வெள்ளை முறிகிறது, கரையிலிருந்தே தெரிகிறது. யாராவது போயிருந்தால் உடனே கடலோரக் காவல்படை எண் 1554 அல்லது கடலோரப் பாதுகாப்பு எண் 1093-க்குச் சொல்லுங்கள்.


கீழக்கரை கடைத்தெரு | வெள்ளி, மாலை 5.15

தங்கச்சி மகன் மதியத்து விமானத்துக்கு மாற்றிக்கொண்டான். காலை விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாம். காசி ரயில் இன்னும் உத்தரப் பிரதேசத்தையே தாண்டவில்லை. பெரியவர்களிடம் பேசினேன், சாப்பாடு கிடைக்கிறது, குளிர்தான் என்கிறார்கள். மதுரை வந்து சேர எவ்வளவு ஆகும் அண்ணே?


சேதுக்கரையான் | வெள்ளி, இரவு 7.30

நடு இந்தியா வறண்டு தெளிவாக இருப்பதால், அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டால் வேகம் பிடிக்கும். ஆனாலும் நேரம் தவறிய ரயிலை ஓரத்தில் நிறுத்தி மற்றவற்றை விடுவார்கள், இழந்த நேரம் முழுக்கத் திரும்பாது. ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டு வண்டிக்குச் சொல்லுங்கள் காக்கா. உத்தரப் பிரதேசத்தில் நாளைக்கும் மூடுபனி இருக்கிறது. வெயிலே தரையில் விழாததால் பகலிலும் குளிர் விடாது, இரவைவிட அதுதான் பெரியவர்களைப் படுத்தும். ஜன்னலை மூடி, வெந்நீர் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள்.

நம் கரைக்கு இன்று இரவு நிலவரம்: இலங்கைப் பக்கச் சுழற்சி மெல்ல மேற்கே நகர்கிறது. மழை மேகங்கள் தூத்துக்குடிப் பக்கம் அதிகம், நமக்குத் தென்கரையில் சாயல்குடி, மூக்கையூர் பக்கம் ஒதுங்கி வருகின்றன. ஆர்.எஸ்.மங்கலம், தொண்டிப் பக்கம் தூறலோடு போக வாய்ப்பு அதிகம், ஆனாலும் தார்ப்பாயை எடுக்காதீர்கள். காற்று நாளை மாலை வரை குறையாது.


குண்டுமிளகாய் | சனி, காலை 7.10

நேற்று மூன்று மணிக்குள் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரவில் ஒரு தூறல், அவ்வளவுதான். பக்கத்து ஊரில் களத்தில் விட்டவர்களுக்கும் பெரிய சேதம் இல்லை. மிளகாய்ப் பூ தப்பித்தது.


மூக்கையூர் தம்பி | சனி, காலை 8.00

இங்கே விடிகாலை நாலு மணிக்கு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. கரையில் கட்டிய வள்ளங்களில் எல்லாம் தண்ணீர், இப்போதுதான் இறைத்து முடித்தோம். ஞாயிறு போகலாமா சார்?


சேதுக்கரையான் | சனி, காலை 9.20

இன்று காலை அறிக்கையில் எச்சரிக்கை இன்று இரவு வரை இருக்கிறது. ஞாயிறு மன்னார் வளைகுடாவுக்கு எச்சரிக்கை போடவில்லை. ஆனால் காற்று நின்றாலும் அலை உடனே அடங்காது, அரை நாளாவது எடுக்கும். ஞாயிறு விடிகாலை போகாதே. வெயில் ஏறியதும் கரையை ஒட்டிப் போய் வா, திங்கள் முதல் வழக்கம்போல் போகலாம். வடகடல்காரர்கள் திங்கள் வரை பொறுங்கள். காஷ்மீருக்கு மேற்கே அடுத்த இடையூறு வருவதாகக் காட்டுகிறார்கள், அது எப்படி வருகிறது என்று செவ்வாய் மாலை புது இழையில் எழுதுகிறேன். சின்னப்பாலம் அக்கா, முனைக்காட்டில் மிதவை எப்படி இருக்கிறது?


சின்னப்பாலம் | சனி, காலை 11.45

உள்ளே இழுத்துக் கட்டியது நிற்கிறது. வெளியே விட்டதில் மூன்று உடைந்தது, அதில் பாசியை முன்னாலேயே எடுத்துவிட்டதால் மூங்கில் மட்டும்தான் நஷ்டம். செவ்வாய்க்கிழமை எழுதும்போது தண்ணீர் எப்போது தெளியும் என்றும் போடுங்கள் அண்ணே.